நெப்டியூன் சுறா ஏன் தோற்ற ஆயுதம்? ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

நீங்கள் கேட்டிருப்பது உண்மையில் இரண்டு கேள்விகள். ஒரே கயிற்றில் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். ‘ரெசிடென்ட் ஈவில்’ என்ற திகில் வீடியோ விளையாட்டின் முதல் பாகத்தை 2002-ஆம் ஆண்டு மறு ஆக்கம் செய்ததில், காவலர் விடுதியின் கீழ்த்தளத்தில் நெப்டியூன் என்ற வெள்ளைச் சுறா துரத்துகிறதே, அதை அம்பிரெல்லா நிறுவனத்தின் தோற்றுப்போன உயிரி ஆயுதம் என்கிறார்கள். தோல்விக்குக் காரணம் சுறாவா, வைரஸா என்பது முதல் கேள்வி. சுறாவை விட்டுவிட்டு நாய் போலப் பழக்கக்கூடிய விலங்கை எடுத்திருந்தால் வென்றிருக்குமா என்பது இரண்டாவது. போகிற போக்கில், மின்சாரம் பாய்ச்சி ஒரு சுறாவை அப்படிக் கொல்ல முடியுமா என்று ஒரு கொசுறும் சேர்த்திருக்கிறீர்கள். கொசுறைக் கடைசியில் பார்க்கலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், என் பதில் எதுவரை செல்லும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். நான் கால்நடை மருத்துவர். 20 ஆண்டுகளுக்கு மேலாக மாடு, ஆடு, நாய் என்று பார்த்துவருகிறேன். சுறாவுக்கு வைத்தியம் பார்த்ததில்லை. பண்ணைக்குட்டையில் கட்லாவும் ரோகுவும் விடியற்காலையில் வாயைப் பிளந்துகொண்டு மிதக்கின்றன என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் தண்ணீரில் பிராணவாயு குறைந்திருக்கும். என் மீன் ஞானம் அத்தோடு சரி. கடல் உயிரியல் படித்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன். வெறிநோய் கண்ட விலங்குகளைப் பற்றியும், விலங்குகளைப் பராமரிப்பவர்களைப் பற்றியும் மட்டும் கொஞ்சம் அழுத்திப் பேசுவேன். அந்த விளையாட்டை முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில், யாரோ இரவல் வாங்கிவந்த பிளேஸ்டேஷனில். மறு ஆக்கத்தைப் பார்த்தது வெகுகாலம் கழித்து, தங்கை மகனோடு. அவன் விளையாடுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து விலங்குகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருப்பேன்.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1996 மார்ச்சில் வெளியிட்ட விளையாட்டு இது, இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. அமெரிக்காவில் ரக்கூன் சிட்டி என்ற கற்பனை நகரத்தை ஒட்டிய ஆர்க்ளே மலையில் ஒரு பழைய மாளிகை. அதன் அடியில் அம்பிரெல்லா என்ற மருந்து நிறுவனத்தின் ரகசிய ஆய்வுக்கூடம். டி-வைரஸ் என்ற கிருமியைக் கொண்டு போருக்கான உயிரினங்களைச் செய்கிறார்கள், கிருமி தப்பித்துவிடுகிறது, 1998 ஜூலையில் கிரிஸ், ஜில் என்ற இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே டாபர்மேன் நாய்கள், மனிதக் கருவில் ஊர்வனவற்றின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ஹன்டர்கள், கடைசியில் டைரன்ட் என்ற பெரிய உருவம். நமது சுறா இதில் துணைப் பாத்திரம்தான். முதல் வெளியீட்டிலேயே கீழ்த்தளத்துத் தண்ணீரில் சுறாக்கள் உண்டு. மறு ஆக்கத்தில்தான் அதற்கென்று ஒரு முழுக் காட்சி கொடுத்தார்கள். தேங்கிய தண்ணீரில் நாம் நடக்க, முதுகுத்துடுப்பு மட்டும் பின்னால் வரும். கட்டுப்பாட்டு அறைக்குள் ஓடினால் கண்ணாடியில் வந்து மோதும், விரிசல் விடும். நான் விளையாட்டுக்குள் கிடைக்கும் ஆவணங்களையும் திரையில் தெரிவதையும் வைத்து மட்டுமே பேசுகிறேன். ரசிகர்கள் பிற்பாடு சேர்த்த விளக்கங்களுக்குள் போகவில்லை.

சுறாவைத் தேர்ந்தெடுத்தது தவறுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. ‘தண்ணீரை விட்டு வெளியே வர முடியாதே’ என்று எழுதியிருக்கிறீர்கள். வர வேண்டாமே, டார்ப்பிடோவும் தண்ணீரை விட்டு வெளியே வருவதில்லை. சிக்கல் அதற்கும் முன்னாலேயே, தொட்டியிலேயே தொடங்கிவிடுகிறது. வெள்ளைச் சுறா ஓயாமல் நீந்தியபடி, செவுள் வழியே தண்ணீரை ஓடவிட்டு மூச்சுவிடுகிற மீன். நின்றால் மூச்சு முட்டும். கலிபோர்னியாவின் மான்ட்ரே பே காட்சியகம் 2004-இல் ஒரு இளம் பெண் சுறாவைச் சுமார் 38 லட்சம் லிட்டர் கடல்நீர் கொண்ட தொட்டியில் 198 நாட்கள் வைத்திருந்தது. அதுவே அன்றைக்குப் பெரிய சாதனை. கூட இருந்த வேறு சுறாக்கள் இரண்டைத் தாக்கியதும் கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். 2016 ஜனவரியில் ஜப்பானின் ஒகினாவாவில் மூன்றரை மீட்டர் நீளமுள்ள ஆண் சுறா ஒன்றைக் காட்சிக்கு வைத்தார்கள். மூன்றாம் நாள் செத்தது. கடற்கரையிலேயே அமர்ந்து, குழாய் வழியாகக் கடலை உள்ளே இழுத்துக்கொள்ளும் இடங்களின் அனுபவம் இது. அம்பிரெல்லாக்காரர்களோ கடலே இல்லாத உள்நாட்டு மலையில், ஒரு விடுதிக்கு அடியில், முழு வளர்ச்சியடைந்த சுறாவை வைத்திருக்கிறார்கள். வைரஸைக் கண்டுபிடித்ததைவிட அந்தத் தொட்டியை நடத்தியதுதான் எனக்குப் பெரிய விஞ்ஞானமாகப் படுகிறது.

இனப்பெருக்கக் கணக்கையும் பாருங்கள். ஆயுதம் என்றால் நூறு வேண்டும், ஆயிரம் வேண்டும். முதுகெலும்பு வளையங்களை வைத்து வயது கணித்த ஆய்வுகளின்படி, வெள்ளைச் சுறாவில் பெண் 30 வயதைத் தாண்டிய பிறகே குட்டி போடும் பருவத்துக்கு வருகிறது. ஒரு கறவை மாட்டுப் பண்ணையை இந்தக் கணக்கில் நடத்தினால் தாத்தா போட்ட முதலுக்குப் பேரன்தான் பால் கறப்பான். ஆகவே நெப்டியூன் எந்தக் காலத்திலும் ஒற்றைச் சுறாவாகத்தான் இருந்திருக்கும். படை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி வைரஸ். இங்கேதான் எனக்குப் பேச்சு நீளும். டி-வைரஸ் ஒன்றே நாயையும், பாம்பையும், சிலந்தியையும், சுறாவையும், ஏன், 42-ஆம் எண் கொண்ட ஒரு செடியையும்கூடப் பிடிக்கிறது. நிஜத்தில் வைரஸ்களுக்கு அவ்வளவு பெரிய மனது கிடையாது. கோமாரி மாட்டுக்கு வரும், ஆட்டுக்கு வரும், பன்றிக்கு வரும்; அதே கொட்டிலில் நிற்கிற குதிரைக்கு வராது. உயிரணுவின் வாசற்பூட்டுக்குப் பொருந்துகிற சாவி கிருமியிடம் இருக்க வேண்டும். நாய்க்கும் செடிக்கும் ஒரே சாவி என்பதைக் கதைக்காக ஒப்புக்கொள்ளலாம், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆனால் நோய் விலங்குக்கு என்ன செய்வதாகக் காட்டுகிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டால், அதற்கு மிகப் பக்கத்தில் நிற்கிற ஒரு நிஜ நோய் உண்டு. ரேபிஸ். பாலூட்டிகள் எல்லாவற்றையும் பிடிக்கும், கடியால் பரவும், நரம்பு வழியாக மூளைக்கு ஏறும், நடத்தையை மாற்றும், அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகச் சாவுதான். மீனுக்கு ரேபிஸ் வராது. சுறாவுக்கு இதை அப்படியே பொருத்திக்காட்ட முடியாது. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி நாயைப் பற்றியது, அதற்கு இது நேராகப் பொருந்தும்.

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு தென்னந்தோப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே காவலுக்கு இருந்த கறுப்பு நாயை ஊரே அறியும். கீற்று முடைய வருகிற பெண்கள் படலுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார்கள். தோப்புக்காரப் பெரியவர் வந்து சங்கிலியைப் பிடித்த பிறகுதான் உள்ளே கால்வைப்பார்கள். நான் போனபோது அது ஒரு தென்னையில் கட்டப்பட்டிருந்தது. அந்நியனான என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறாக வடிந்தது. “தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது சார், இரண்டு நாளாக விழுங்க முடியவில்லை, நானே விரல் விட்டுப் பார்த்துவிட்டேன்” என்றார் பெரியவர். விரல் என்ற சொல் காதில் விழுந்ததும் நாயை விட்டுவிட்டு அவர் கையைத்தான் பார்த்தேன். ஆட்காட்டி விரலில் பல் பட்ட கீறல். சோப்புப் போட்டுக் குழாயடியில் கால் மணி நேரம் கழுவச் சொல்லிவிட்டுத் திரும்பினால், நாய் தன் சங்கிலியைக் கடித்துக்கொண்டிருந்தது. பிறகு தென்னையின் வேரைக் கடித்தது. ஒரு ஆள் வைத்த தண்ணீர்ச் சட்டியைக் கடித்தது. ஈறு கிழிந்து ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. பெரியவர் குழாயடியிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒன்பது வருடம் வளர்த்த குரல். அதன் காதுகூட அசையவில்லை. மூன்றாம் நாள் செத்துப்போயிற்று. பெரியவர் ஊசிகளைத் தவறாமல் போட்டுக்கொண்டார், பிழைத்தார்.

நாய்க்கு மூர்க்கம் கூடிவிட்டது என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் பார்த்தது காவல் போன நாயை. சங்கிலியை அவிழ்த்து விட்டிருந்தால் திருடனைக் கடித்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேலிக்கல்லைக் கடித்திருக்கும், பெரியவரின் பேத்தியைக் கடித்திருக்கும், களைத்து விழுந்திருக்கும். நாய் அபாயமானதாக மாறிய அதே நாளில் அதன் உபயோகம் முடிந்துவிட்டது. யாரை விடுவது, யாரைத் தடுப்பது, எப்போது நிறுத்துவது என்று ஒரு காவல் நாய்க்குள் இருக்கிற நிதானம் முழுவதும் மூளையில்தான் இருக்கிறது. கிருமி போய் உட்கார்ந்துகொண்டதும் அங்கேதான். டி-வைரஸும் அதைத்தான் செய்கிறது. அந்த மாளிகையின் தாழ்வாரத்தில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்கிறதே நாய், செர்பரஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதனிடம் டாபர்மேனின் பல்லும் காலும் மிச்சம் இருக்கின்றன. டாபர்மேனை டாபர்மேன் ஆக்குகிற பணிவு மிச்சம் இல்லை. பழக்கிய விலங்கை எடுத்து, பழக்கத்தை அழிக்கிற மருந்தைக் கொடுத்தார்கள். ஆகவே நாயை எடுத்திருந்தாலும் வென்றிருக்காது என்பதே என் பதில். சொல்லப்போனால் சுறாவிடம் இழப்பதற்குப் பழக்கம் என்று ஒன்றும் இருந்ததில்லை, நாயிடம் இருந்தது. வீணானது நாய்தான்.

‘கிருமி இல்லாமல், பயிற்சி மட்டும் கொடுத்து நாயை ஆயுதமாக்கினால்?’ என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். அதை நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை, நாய்களின் முதுகில் வெடிமருந்தைக் கட்டி ஜெர்மன் டாங்குகளுக்கு அடியில் அனுப்பியது. பயிற்சி எளிமையானது: பட்டினி போட்டு, நிற்கும் டாங்குக்கு அடியில் தீனி வைப்பது. 1941-இல் போர்முனைக்குக் கொண்டுபோனதும், ஓடுகிற டாங்கும் வெடிச்சத்தமும் கண்டு பல நாய்கள் மிரண்டன. வெடியைச் சுமந்தபடியே தங்கள் ஆட்களின் பதுங்குகுழிக்குத் திரும்பி ஓடிவந்தன. இதுவரை சந்தேகம் இல்லை. பயிற்சிக்கு டீசல் வாசமுள்ள சொந்த டாங்குகளைப் பயன்படுத்தியதால், பெட்ரோல் வாசமுள்ள ஜெர்மன் டாங்குகளை விட்டுவிட்டுச் சொந்த டாங்குகளைத் தேடிப் போயின என்ற விளக்கம் எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. நாயின் மூக்கை அறிந்தவன் என்ற முறையில் நம்பக்கூடியது என்பேன், அதற்குமேல் அழுத்த மாட்டேன். சோவியத் தரப்பு சொன்ன ‘இத்தனை டாங்குகள் அழிந்தன’ என்ற எண்ணிக்கைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு உறைப்பது வேறு ஒன்று. பயந்த நாய் எங்கே ஓடும்? சோறு போட்டவனிடம். இருபது வருடமாக நான் பார்க்கிற எல்லா நாயும் அப்படித்தான் ஓடியிருக்கிறது. அந்த ஆயுதத்தின் பழுது நாயின் பாசம்.

யானைக்கும் இதே கதைதான். கி.மு. 207-இல் இத்தாலியின் மெத்தாரஸ் ஆற்றங்கரையில் ரோமானியர்களோடு மோதிய கார்த்தேஜ் தளபதி ஹாஸ்த்ரூபால், தன் யானைப் பாகர்களிடம் உளியும் சுத்தியலும் கொடுத்துவைத்திருந்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். யானை மிரண்டு சொந்தப் படைக்குள் திரும்பினால், கழுத்தும் தலையும் சேருகிற இடத்தில் உளியை வைத்து அடித்துவிட வேண்டும். அன்று எதிரி கொன்ற யானைகளைவிடப் பாகர்கள் கொன்றவையே அதிகமாம். மதம் என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதில் நான் கவனிப்பது, ஹாஸ்த்ரூபால் முன்கூட்டியே யோசித்திருக்கிறான் என்பதை. ஆயுதத்தை அனுப்புமுன் அதை நிறுத்தும் வழியைப் பாகன் கையில் கொடுத்திருக்கிறான். அம்பிரெல்லாவில் அப்படி ஒரு உளி யாரிடமும் இல்லை. கிரிஸுக்கும் ஜில்லுக்கும் தலைவனாக இருந்துகொண்டே அம்பிரெல்லாவுக்கு வேலை செய்த வெஸ்கர், டைரன்டை எழுப்பிவிட்டு, ‘என் படைப்பைப் பார்’ என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். அது முதல் வேலையாக அவன் நெஞ்சிலேயே நகத்தைச் செருகுகிறது. 1996-இல் திகிலுக்காக வைத்த காட்சி. இன்று பார்த்தால் யானைப் பாகர்கள் சிரித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

வௌவால் குண்டையும் சொல்லிவிடுகிறேன், வேடிக்கையாக இருக்கும். லைட்டில் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், சிறு தீக்குண்டுகளை வௌவால்களின் உடம்பில் கட்டி ஜப்பானிய நகரங்களின் மேல் விட்டால், அவை விடியுமுன் மரக்கூரைகளின் இடுக்கில் ஒதுங்கி, வீடுகள் பற்றிக்கொள்ளும் என்று யோசனை சொன்னார். ராணுவம் ஏற்றது. குளிரூட்டி உறங்கவைத்த வௌவால்கள் சில சோதனையில் விழிக்காமலே தரையில் மோதிச் செத்தன. 1943 மே மாதம் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாடில், குண்டோடு தப்பித்த சில வௌவால்கள் அவர்களுடைய புது விமானதளத்தையே கொளுத்தின. வௌவால் சொன்னபடியேதான் செய்தது. பக்கத்தில் இருந்த கூரையில் ஒதுங்கியது. 1944-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

இனி, உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் விடை இருக்கிற இடம் என்று நான் நினைப்பதற்கு வருகிறேன். அந்த மாளிகையில் ஒரு அறையில் பராமரிப்பாளர் ஒருவரின் நாட்குறிப்பு கிடைக்கும். எல்லோரும் அதன் கடைசிப் பக்கத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எழுதியவர் மனிதத்தன்மை இழந்து, அரிக்கிறது, ருசி என்று இரண்டு சொல்லில் முடிகிற பக்கம். நான் அதை நோய்க்குறிப்பேடாகப் படித்தேன், தொழில் புத்தி. 1998 மே 9-இல் தொடங்குகிறது. முதல் நாள் சக ஊழியர்களோடு சீட்டாட்டம். மறுநாள் புதிதாக ஒரு மிருகத்தைக் கவனிக்கும் பொறுப்பைத் தலையில் கட்டுகிறார்கள், தோல் உரித்த கொரில்லா மாதிரி இருக்கிறதாம். உயிருள்ள தீனி கொடு என்கிறார்கள், பன்றியைத் தள்ளினால் உடனே தின்னாமல் வைத்து விளையாடுகின்றன. அடுத்த நாள் விடியற்காலையில் எழுப்பிக் கனமான பாதுகாப்பு உடையை மாட்டிவிடுகிறார்கள். ஏன் என்று சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள், உடைக்குள் வெந்து உடம்பு அரிக்கிற எரிச்சலில், அந்த ஆள் பழிவாங்குவது போல நாய்களுக்குத் தீனி போடாமல் விட்டுவிடுகிறார். மனசு ஆறிற்று என்று எழுதிவைக்கிறார்.

அந்த வரியில் நான் விளையாட்டை நிறுத்தச் சொன்னேன். தங்கை மகன், “என்ன மாமா, இது சும்மா பேப்பர்தானே” என்றான். கோடிக்கணக்கில் பணம் கொட்டி உருவாக்கிய காவல் நாய்களுக்கு அன்றைக்குச் சோறு கிடையாது, காரணம் ஒரு கடைநிலை ஊழியரின் முதுகு அரிப்பு. நிறுவனத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க ஆள் வைத்ததாகவே தெரியவில்லை. முதுகில் வீக்கம் என்று வைத்தியம் பார்க்கப் போனவருக்குப் பெரிய கட்டுப்போட்டு, இனி உடை வேண்டாம் என்று அனுப்புகிறார்கள். அவர் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார். ஒரு பண்ணையில் கழிச்சல் பரவினால் நான் முதலில் மாட்டைப் பார்ப்பதில்லை, தீனி வைக்கிற ஆளின் முகத்தைப் பார்ப்பேன். சம்பளம் ஒழுங்காக வருகிறதா, நேற்று லீவு கேட்டுக் கொடுக்கவில்லையா என்பது பாதி நோயைச் சொல்லிவிடும். இதை எழுதியவர் யாராக இருந்தாலும், எங்கோ ஒரு கொட்டிலில் நின்று பார்த்தவர் போல எழுதியிருக்கிறார்.

நெப்டியூனுக்கும் இது பொருந்துகிறது. அந்தச் சுறா தொட்டியை உடைத்துக்கொண்டு தப்பிக்கவில்லை. 42-ஆம் எண் செடியைப் பற்றிய அறிக்கையில் ஒரு குறிப்பு உண்டு: விபத்து நடந்த கையோடு, புத்தி பேதலித்த ஆராய்ச்சியாளர் ஒருவர் கீழ்த்தளத்து நீர்த்தொட்டியை உடைத்துவிட்டார், தளம் முழுவதும் வெள்ளம். சுறா செய்ததெல்லாம் திறந்துகிடந்த தண்ணீரில் நீந்தியது. அதைத் தோற்ற ஆயுதம் என்று நாம் சொல்வது கொஞ்சம் அநியாயம் என்றுகூட எனக்கு ஒரு எண்ணம். கையாள ஆளில்லாத விலங்கு வெறும் விலங்கு. ஆயுதமாக அது ஒரு நாளும் இருந்ததில்லை, தோற்பதற்கு.

அப்படியானால் விலங்கைப் போரில் பயன்படுத்தவே முடியாதா என்றால், முடிந்திருக்கிறது, ஆனால் கொல்வதற்கு அல்ல. அமெரிக்கக் கடற்படை 1960 முதல் டால்பின்களைப் பழக்கிவருகிறது. 2003-இல் இராக்கின் உம் கஸர் துறைமுகத்தில் கண்ணிவெடிகளைத் தேட அவற்றைக் கொண்டுபோனார்கள். கம்போடியாவில் மகாவா என்ற பெரிய எலி 39 கண்ணிவெடிகளை மோப்பம் பிடித்து 2020-இல் தங்கப் பதக்கம் வாங்கியது. இரண்டிலும் விலங்கின் வேலை கண்டுபிடிப்பது, திரும்பிவருவது, தீனி வாங்கிக்கொள்வது. எலி வாழைப்பழத்துக்கு வேலை செய்கிறது. பாசமுள்ள நாயைப் பாழாக்கிய அதே ‘திரும்பி ஓடிவருவது’ இங்கே வேலையின் பாதியாகிவிடுகிறது. சுறாவையும் ஒரு தடவை முயன்றிருக்கிறார்கள். அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான தார்ப்பாவின் பணத்தில், சிறு சுறாக்களின் மூளையில் மின்முனைகளைப் பொருத்தி, வாசனை வந்தது போல உணரவைத்து இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார்கள். 2006-இல் செய்தி வெளிவந்தது. எனக்கு அந்தக் காரியத்தில் உடன்பாடு இல்லை. ஆனாலும் அம்பிரெல்லாவைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள்: சுறாவை மேலும் மூர்க்கமாக்கப் பார்க்காமல், சொல்பேச்சு கேட்கவைக்க முயன்றார்கள். இனிமேல் மரபணு மாற்றத்தால் சொல்பேச்சு கேட்கிற மூர்க்கம் ஒன்றைச் செய்ய முடியுமா என்றால், அது என் துறைக்கு வெளியே உள்ள விஷயம். என் அனுபவத்தில் அந்த இரண்டு குணமும் ஒரே மண்டைக்குள் அதிக நாள் சேர்ந்து இருந்ததில்லை.

கடைசியாகக் கொசுறு. தண்ணீர் வடிந்த பிறகு நெப்டியூன் தரையில் கிடந்தபடியே கடிக்க வரும். மின்கருவி ஒன்றைத் தண்ணீரில் தள்ளி, மின்சாரத்தைப் பாய்ச்சினால் துடித்துச் சாகும். இது நடக்குமா என்பது, கீழே தேங்கியிருப்பது எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்தது. சுறாவின் மூக்கைச் சுற்றி மின்புலத்தை உணரும் நுண்ணிய குழிகள் உண்டு. இரையின் தசை அசைவில் எழும் மிக மெல்லிய மின்னோட்டத்தைக்கூட அவற்றால் உணர முடியும். ஆகவே கருவி தண்ணீரில் விழுந்த கணமே அதற்குத் தெரிந்துவிடும். கொல்வது வேறு. மின்சாரம் விட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் முறை ஆறு, ஏரிகளில் நடக்கும்; கடலில் எடுபடாது. உப்புநீர் மீனின் உடம்பைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால், ஓட்டம் மீனைச் சுற்றிக்கொண்டு போய்விடும். தேங்கியிருந்தது நன்னீர் என்றால் மின்சாரம் வேலை செய்யும். ஆனால் வெள்ளைச் சுறா நன்னீரில் தாக்குப்பிடிக்காது. காளைச் சுறா போன்ற சிலவற்றுக்குத்தான் அந்தத் திறமை உண்டு. கடல்நீர் என்றால் சுறா பிழைத்திருக்கும், மின்சாரம் பாதி வீணாகும். கணுக்கால் அளவுத் தண்ணீரில் உடம்பு முழுவதும் வெளியே தெரியக் கிடக்கும்போது ஓரளவு பாயும் என்று வேண்டுமானால் விட்டுக்கொடுக்கலாம். தண்ணீர் உப்புக் கரித்ததா என்று ஜில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்ததாக விளையாட்டில் எங்கும் இல்லை. நீங்கள் அந்த இடத்துக்கு வந்தால் துப்பாக்கியை எடுக்காதீர்கள், தோட்டா வீண். கதவைப் பார்த்து ஓடுங்கள்.